லேப்டாப்புக்கும் முத்திரை உண்டு



நம் கடையில் தராசுக்கு முத்திரை வைக்கும் நாள் எது என்று யாராவது கேட்டால், கணக்குப்பிள்ளையைக் கூப்பிடாமலே சொல்லிவிடுவோம். எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை என்பது நமக்கு மனப்பாடம். ஆனால் அந்தத் தராசுக்குப் பக்கத்தில், கல்லாப்பெட்டி மேல் இருக்கும் லேப்டாப்புக்குக் கடைசியாக எப்போது அப்டேட் போட்டோம், அதிலுள்ள கணக்குக்குக் கடைசியாக எப்போது நகல் எடுத்தோம் என்று கேட்டால் நம்மில் பலர் விழிக்கத்தான் செய்வோம். "அதெல்லாம் தம்பி பார்த்துக்கொள்வான்" என்பதே வழக்கமான பதில்.

தம்பி பார்த்துக்கொள்ளட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பேரேடு நம்முடையது. அது கெட்டால் நஷ்டமும் நம்முடையதே. ஆகவே அப்டேட் என்றால் என்ன, அதை எப்போது போட வேண்டும், போடும் முன் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடை முதலாளியே தெரிந்து வைத்திருப்பது நல்லது. இதைச் சொல்ல எங்களுக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு.

எங்கள் கடையில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதம். கீழமாசி வீதியில் எங்கள் மொத்த வியாபாரக் கடையில் இரவு கடை கட்டும் நேரம். லேப்டாப்பை அணைக்கப் போனபோது, அப்டேட் ஆகிக்கொண்டிருக்கிறது, அணைக்க வேண்டாம் என்று திரையில் வந்தது. சரி, அதுபாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு ஷட்டரை இறக்கினோம். அன்று இரவு காற்றிலும் மழையிலும் கரண்ட் போய்விட்டது. லேப்டாப்பில் பாட்டரி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்தப் பாட்டரி செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. சார்ஜர் வயரிலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை திரை எழும்பவில்லை. பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனோம். உள்ளே இருந்த டிஸ்க்கும் கெட்டிருந்ததால் கணக்கை எடுக்க முடியாது என்றார். பென் டிரைவில் நகல் இருந்தது. ஆனால் அது சித்திரைத் திருவிழா சமயத்தில் எடுத்தது. ஏறக்குறைய மூன்று மாத விற்பனையும் வெளியூர்ப் பற்றும் அப்படியே போய்விட்டன.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான் பக்கத்துக் கிராமக் கடைகளுக்கு நாங்கள் கடனுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள். யாரிடம் எவ்வளவு பாக்கி என்பது இனி அவர்கள் சொன்னால்தான் தெரியும் என்ற நிலை. கிடைத்த சிட்டைகளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். சோழவந்தான் பக்கம் ஒரு சிறு கடைக்கார அம்மா, நாங்கள் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும், "கணக்கு உங்ககிட்ட போனா என்ன அண்ணாச்சி, என் நோட்டுல இருக்குல்ல" என்று நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினார். அதில் இருந்த தொகை, நாங்கள் மனதில் வைத்திருந்ததைவிட அதிகம். எல்லோரும் அப்படி இல்லை. வர வேண்டியதில் ஒரு பகுதி இன்றுவரை வரவில்லை.

நாற்பது பக்க நோட்டில் அவர் கணக்கு பத்திரமாக இருந்தது. அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய இயந்திரத்தில் எங்கள் கணக்கு இல்லை. தவறு இயந்திரத்தினுடையது அல்ல என்பதை அன்று ஒப்புக்கொண்டோம்.

அப்டேட் என்றால் என்ன?

கடையில் உள்ள ஒரு லேப்டாப்புக்கு இரண்டு வகை அப்டேட் வருகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது, லேப்டாப்பை இயக்கும் அடிப்படைச் சாஃப்ட்வேருக்கு வருவது. பெரும்பாலான கடைகளில் அது விண்டோஸ். இதைக் கடையின் பூட்டுக்கு ஒப்பிடலாம். பூட்டில் ஒரு குறை இருப்பது தெரிந்ததும் அதைச் செய்த கம்பெனி புதிய லீவரை அனுப்புகிறது. நாம் மாட்டாமல் விட்டால், அந்தக் குறையைத் தெரிந்துகொண்ட திருடனுக்கு நம் கதவு திறந்தே கிடக்கும்.

இரண்டாவது, பில் போடும் சாஃப்ட்வேருக்கு வருவது. இது சட்டத்தையும் வரி விகிதத்தையும் ஒட்டி வரும். சட்டம் மாறினால் பில்லும் மாற வேண்டும் அல்லவா? அதற்கான மாற்றம் இதில் இருக்கும். இதற்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறவர்கள், சந்தா முடிந்துவிட்டதா என்பதை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்துவிட்டால் பல சாஃப்ட்வேர்களில் பில் வந்துகொண்டேதான் இருக்கும்; அப்டேட் மட்டும் நின்றிருக்கும். நமக்குத் தெரியாது.

சட்டம் மாறிய நாட்கள்

தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 முதல் வாட் வந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, மாவு, பருப்புக்கு 5 சதவீத வரி என்றார்கள். சில்லறையாக அளந்து கொடுப்பதற்கு வரி இல்லை. 26 கிலோ அரிசி மூட்டை நம் ஊரில் புழக்கத்துக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஒரே அரிசி, ஒரே ஆலை. ஆனால் பில் போடும் சாஃப்ட்வேரில் அது இரண்டு சரக்கு.

பிறகு 2025 செப்டம்பர் 22. அம்மாதம் 3-ஆம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், 12 சதவீதப் பிரிவையும் 28 சதவீதப் பிரிவையும் பெரும்பாலும் எடுத்துவிட்டு, 5, 18 என்ற இரண்டு பிரிவுகளில் சரக்குகளை அடக்கியது. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், ஷாம்பு, பற்பசை, குளியல் சோப்புக் கட்டி, பிஸ்கட் ஆகியவை 18-லிருந்து 5-க்கு இறங்கின. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5-க்கு வந்தன. நோட்டுப் புத்தகத்துக்கும் பென்சிலுக்கும் வரியே இல்லை என்றானது. டிடர்ஜெண்ட் பவுடர் 18-லேயே நின்றது. கேஸ் அடைத்த குளிர்பானத்துக்கு 28 வரியும் 12 செஸ்ஸும் தனித்தனியாக இருந்தது போய், 40 என்று ஒரே வரியாக வந்தது. கூட்டினால் தொகை ஒன்றுதான். ஆனால் பில்லில் செஸ் என்ற இடம் காலியாக வேண்டும்.

பத்தொன்பது நாள் அவகாசத்தில் ஒரு மளிகைக் கடையின் சரக்குப் பட்டியல் முழுவதையும் திருத்த வேண்டியிருந்தது. அதுவும் நவராத்திரி தொடங்கும் சமயத்தில். அப்டேட் போட்டால் எல்லாம் தானாக மாறிவிடும் என்று நம்பியவர்கள் பலர். விகிதத்தை ஏற்றுக்கொள்ளும் வசதியைத்தான் அப்டேட் கொண்டுவரும். நம் கடையின் எந்தச் சரக்கு எந்த விகிதத்தில் வரும் என்பதைப் பெரும்பாலும் நாம்தான் குறிக்க வேண்டும்.

குறிக்காமல் பழைய விகிதத்தில் வரி வாங்கியிருந்தால், வாங்கிய வரியை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும். வாடிக்கையாளரிடம் பெயரும் கெடும். குறைத்து வாங்கியிருந்தால், மிச்சம் நம் கைக்காசு.

அப்டேட் போடாதவர்கள் பட்ட பாடு

2017 மே 12-ஆம் தேதி வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவியது. கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கட்டு என்று திரையில் எழுதியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் அடிபட்டன. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்தில் வயநாட்டுப் பஞ்சாயத்து அலுவலகத்திலும், திருப்பதி தேவஸ்தானத்திலும் சில கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது தேதி. அந்தக் குறையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் கையில் இருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள்.

அப்டேட்டே கெடுத்த நாள்

அப்படியானால் வந்தவுடன் போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 2024 ஜூலை 19-ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஓர் அப்டேட்டில் பிழை இருந்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையுடன் நின்றுபோயின. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது பெரிய நிறுவனங்கள் வாங்கும் சாஃப்ட்வேர் என்பதால் நம் கடைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாடம் நமக்கும் உண்டு.

போடாமல் இருந்தாலும் ஆபத்து, போட்டாலும் சில சமயம் ஆபத்து. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். அப்டேட்டுக்கு முன் கணக்குக்கு நகல் எடுத்துவிட வேண்டும். நகல் கையில் இருந்தால் லேப்டாப்பே போனாலும் வேறு லேப்டாப்பில் கடையை நடத்தலாம்.

இரண்டாவது செவ்வாய்

விண்டோஸுக்கான மாதாந்திர அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவில் வெளியாகிறது. நம் நாட்டுக்கு அது வந்து சேரும்போது செவ்வாய் இரவு அல்லது புதன் ஆகிவிடும். காலண்டரை எடுத்துப் பாருங்கள்: இரண்டாவது செவ்வாய் எப்போதும் 8-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும்.

இப்போது நம் வேலைகளைப் பாருங்கள். மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்பவர்களுக்குக் கடைசி நாள் 11. காலாண்டுக்கு ஒரு முறை தாக்கல் செய்பவர்களுக்கு 13. அதாவது, ரிட்டர்ன் அனுப்பும் அதே வாரத்தில்தான் அப்டேட்டும் வந்து கதவைத் தட்டுகிறது. ஆடிட்டர் அலுவலகத்தில் காத்துக்கொண்டிருக்கும்போது லேப்டாப் தானாக அணைந்து 'சிறிது நேரம் பொறுங்கள்' என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

இதற்கு வழி இருக்கிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் அப்டேட்டை ஒரு வாரம் முதல் ஐந்து வாரம் வரை நிறுத்திவைக்கும் வசதி உண்டு. ரிட்டர்ன் வாரத்தில் ஒரு வாரம் நிறுத்திவைத்து, தாக்கல் முடிந்த பிறகு வரும் கடை விடுமுறை நாளில் போட்டுக்கொள்ளலாம். நிறுத்திவைத்ததை மறந்துவிடாமல் இருக்கக் காலண்டரில் குறித்து வையுங்கள். கடை நேரம் இன்ன மணி முதல் இன்ன மணி வரை என்று குறிக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. அதைக் குறித்துவிட்டால் வியாபார நேரத்தில் லேப்டாப் தானாக அணைந்து எழும் தொல்லை வராது.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸ் 10-க்கு இலவச அப்டேட் தருவது 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. தீபாவளி வியாபாரம் மும்முரமாக இருந்த வாரம் அது. அந்த லேப்டாப்கள் நின்றுவிடவில்லை. நிற்கவும் மாட்டா. பூட்டுக்குப் புதிய லீவர் வருவதுதான் நின்றது. வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய விண்டோஸில், பதிவு செய்துகொள்பவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு என்று அறிவித்தார்கள்.

விண்டோஸ் 11 போட வேண்டுமானால் லேப்டாப்பில் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருக்க வேண்டும். பிராசஸரும் ஓரளவு புதியதாக இருக்க வேண்டும். பொதுவாக, 2018-க்குப் பிறகு வந்தவற்றில் பல தேறும். அதற்கு முந்தியவற்றில் பல தேறாது. பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப்பை வீட்டுக் கணக்குக்கும் சரக்குப் பட்டியலுக்கும் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாங்க் வேலையும் ஜி.எஸ்.டி. தாக்கலும் அதில் வேண்டாம்.

எத்தனை வருடக் கணக்கு?

ஜி.எஸ்.டி. சட்டப்படி ஓர் ஆண்டுக் கணக்கை, அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24-ஆம் ஆண்டுக் கணக்குக்கு ரிட்டர்ன் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. ஆகவே அந்தக் கணக்கு 2030 டிசம்பர் 31 வரை நம்மிடம் இருக்க வேண்டும்.

ஒரு லேப்டாப் ஆறேழு ஆண்டு உழைத்தால் பெரிது. அதற்குள் பில் சாஃப்ட்வேரும் மாறியிருக்கும். பழைய சாஃப்ட்வேரில் எடுத்த நகலைப் புதியது திறக்காமல் போகலாம். எனவே ஆண்டு முடிந்ததும் பேரேடு, கொள்முதல், விற்பனை ஆகியவற்றைப் பி.டி.எஃப். கோப்பாகவும் எடுத்து வையுங்கள். அதைத் திறக்க எந்தப் பில் சாஃப்ட்வேரும் தேவையில்லை. பழைய தமிழ் எழுத்துருவில் சரக்குப் பெயர்களை அடித்து வைத்திருப்பவர்கள், புதிய லேப்டாப்பில் அவை கிறுக்கலாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். யூனிகோட் முறையில் ஒரு முறை மாற்றி அடித்துவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

தெர்மல் பேப்பரில் வரும் பில் சில மாதங்களில் வெளுத்துப் போகும். கொள்முதல் பில் அப்படி வந்தால் உடனே ஜெராக்ஸ் அல்லது போட்டோ எடுத்து வைப்பது அவசியம்.

கைபேசியும் போலி அப்டேட்டும்

லேப்டாப்பைவிடக் கைபேசியில்தான் இன்று ஆபத்து அதிகம். கல்லாவின் பாதி அதற்குள் இருக்கிறது. "உங்கள் பாங்க் ஆப் இன்றோடு நிற்கிறது, இந்த அப்டேட்டைப் போடுங்கள்" என்று வாட்ஸப்பில் ஒரு கோப்பு வரும். ஏ.பி.கே. என்று முடியும். பாங்குகள் அப்படி அப்டேட் அனுப்புவதில்லை. ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரைத் தவிர வேறு எங்கிருந்தும் அப்டேட் போடாதீர்கள். கடைப் பையன்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

நாம் செய்ய வேண்டியவை

1. தினமும் கடை கட்டும்போது, ரொக்கம் எண்ணும் நேரத்திலேயே கணக்குக்கு நகல் எடுங்கள். கல்லா சரிபார்த்த பிறகு நகல். நகல் எடுத்த பிறகு பூட்டு.

2. இரண்டு பென் டிரைவ் வைத்து மாற்றி மாற்றி எடுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். எடுத்த பிறகு லேப்டாப்பிலிருந்து கழற்றிவிடுங்கள். சொருகியே வைத்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும். முடிந்தால் இன்டர்நெட்டில் மூன்றாவது நகல் வையுங்கள்.

3. மாதம் ஒரு முறை அந்த நகலை வேறு ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத நகல், இல்லாத நகல்.

4. அப்டேட்டைக் கடை விடுமுறை நாளில், சார்ஜர் மாட்டி, பாட்டரி நிறைந்திருக்கும்போது போடுங்கள். பாட்டரி செத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். மின்வெட்டு உள்ள ஊரில் லேப்டாப்பின் பெரிய லாபமே அந்தப் பாட்டரிதான்.

5. பில் சாஃப்ட்வேர் அப்டேட் ஆன பிறகு ஐந்து சரக்குக்குச் சோதனைப் பில் போடுங்கள். வரி, தொகை, பில் எண் வரிசை மூன்றும் சரியா என்று பார்த்து, அந்தப் பில்லை ரத்து செய்துவிடுங்கள்.

6. ஒரு சிறு நோட்டில் தேதி, என்ன அப்டேட், யார் போட்டது என்று எழுதி வையுங்கள். பாஸ்வேர்டு முதலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

7. கடன் பாக்கிப் பட்டியலை வாரம் ஒரு முறை காகிதத்தில் அச்செடுத்து வையுங்கள்.

ஏழாவதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் எங்கள் கடையில் வெளியூர்ப் பற்றுப் பட்டியல் அச்சாகிறது. ஆயுத பூஜைக்குத் தராசுக்கும் பேரேட்டுக்கும் வைக்கும் சந்தனமும் குங்குமமும் லேப்டாப்புக்கும் வைக்கிறோம். முதல் நாளே அதற்கு நகல் எடுத்து, அப்டேட்டும் போட்டுவிடுகிறோம். சோழவந்தான் அம்மாவுக்கும் மாதம் ஒரு முறை அவர் கணக்கை அச்செடுத்து அனுப்புகிறோம். அவர் அதைத் தம் நோட்டோடு ஒத்துப் பார்த்து, சரி என்று ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறார்.